சம்பந்தியைச் சறுக்கிவிட்ட நாற்காலி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை விக்னேஷ் அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து உங்கள் மாமனார் பச்சையப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் அத்தை ரேணுகாம்பாளும் சௌக்கியம். நீங்களும் தேவிப்ரியாவும் பேத்தியும் சௌக்கியமாக இருக்கப் படவேட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறோம். உங்கள் அப்பாவும் மிகவும் சௌக்கியம். எலும்பு எதுவும் முறியவில்லை. "மொதல்ல அத எழுதிடுங்க சம்பந்தி" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டு அவரே சொல்கிறார்.

எதிர்வீட்டு சதீஷ் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் உங்கள் அப்பா பட்டு வேட்டியோடு எங்கள் கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார், கையில் காபி டம்ளர் இருக்கும், பின்னால் குங்குமப் பொட்டு வைத்த நாற்காலி ஒன்று காலியாக நிற்கும். படம் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தது அதில் இல்லையே! போனில் சொல்லலாம் என்றால் தேவிப்ரியா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தபோது அதன் கால்கள் நாலும் நாலு திசைக்கு விரிந்து, அவள் தரையில் உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். அன்று தேவிப்ரியா போட்ட உத்தரவும் தெரியும். ஒன்று, வயதானவர்களுக்கு ஏற்ற மாதிரி நாற்காலி, கட்டில் எல்லாம் வாங்கி வீட்டைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னையில் உங்கள் ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை, உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் வராது. எனக்கென்ன, எங்கே விட்டாலும் இருந்துகொள்வேன். ஆனால் உங்கள் அத்தை இந்த ஊரை விட்டால் ஒரு நாள் தாங்கமாட்டாள், பிடுங்கி நட்டால் வாடிப்போகிற ஜாதி அவள். அவளுக்காகத்தான் நான் வரிந்து கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

நீங்கள் அனுப்பிய குறிப்பை மனப்பாடமே செய்துவிட்டேன். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், ஊன்றி எழ இரண்டு பக்கமும் கை இருக்க வேண்டும், மெத்தை அமுங்கக்கூடாது, சக்கரம் கூடாது, துணி வழுக்கக்கூடாது. இத்தனையும் தெரிந்திருந்தும் முதல் கடையில் ஒரு சோபாவைப் பார்த்ததும் ஆசை விடவில்லை, உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட உள்ளே போனேன் என்பதே சரி. முழங்கால் இரண்டும் காதருகில் வந்துவிட்டன. "இதுல உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வராது சார்" என்றார் கடைக்காரர். "மனசு வந்துடுச்சுப்பா, முட்டிதான் வரல" என்றேன். இரண்டு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

அடுத்த கடையில் பட்டனை அமுக்கினால் கால் தூக்கிக்கொள்ளும் நாற்காலி. அமுக்கினேன். கால் மேலே போனது, தலை கீழே போனது, கரண்டும் போனது. இன்வெர்ட்டர் லைட்டுக்கு மட்டும்தானாம், நாற்காலிக்கு இல்லையாம். சரி, வருகிறபோது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நம் தெரு பூங்காவனம் பீரோ விலை கேட்க வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தவள் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நேராக வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, மாமாவ கடையில கால நீட்டிப் படுக்க வெச்சிருக்காங்க, ஜல்தியா வாங்க" என்றிருக்கிறாள். உங்கள் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கும்போதே அழுகை. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், "அம்மா, வியாபார நேரத்துல பேஜார் பண்ணாதீங்க, கரண்ட் வந்தா ஐயா எழுந்துடுவாரு." அவள் அழுகையை நிறுத்திய பிறகு என்னைத் திட்டியதை இங்கே எழுதவில்லை.

கடைசியில் வேலூர் ரோட்டில் ஒரு கடையில் கிடைத்தது பாருங்கள், நாற்காலி என்றால் அதுதான் நாற்காலி! நேரான முதுகு, அகலமான கை, அழுத்தமான மெத்தை, காலுக்கு அடியில் ரப்பர். நீங்கள் எழுதியது அத்தனையும் அதில் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பேரம் பேசக்கூட மறந்துபோனேன். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோதுதான் கவனித்தேன், அதன் துணி சொரசொரவென்று சாக்கு மாதிரி, நிறம் சேற்று நிறம். காலமெல்லாம் பட்டுப் புடவை விற்ற மனுஷன் வீட்டில், பாதி ஊர் பட்டு நெய்கிற ஆரணியில், கூடத்தில் கோணிச் சாக்கு போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? அதனால் வீட்டிலிருந்த அரக்கு நிறப் பட்டில், சரிகைக் கரை முன்பக்கம் தெரிகிற மாதிரி, டெய்லரிடம் கொடுத்து இழுத்துப் பிடித்து உறை தைத்துப் போட்டேன். துணி வழுக்கக்கூடாது என்ற உங்கள் வரி ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டைப் போய் யாராவது வழுக்கும் என்று சந்தேகப்படுவார்களா? இத்தனை கல்யாணத்துக்குப் பட்டு கொடுத்திருக்கிறேன், எந்தப் பெண்ணாவது மணையிலிருந்து சறுக்கி விழுந்திருக்கிறாளா?

புது நாற்காலியில் முதலில் பெரியவர்கள் யாராவது உட்காரட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அதைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் உங்கள் அப்பா வந்தார். தேசூரில் கல்யாணமாம், அது முடிந்து ஊர் திரும்புகிற வழியில் எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். வேலூருக்குப் போகிறவர் வழியில் இறங்கி வந்ததை நான் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் வந்ததும் கட்டில் உயரத்தையும் குளியலறைத் தரையையும் எட்டி எட்டிப் பார்த்தாரே, வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?

இவரைவிடப் பெரியவர் யார் கிடைப்பார்! நாற்காலிக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சதீஷைப் படம் எடுக்கச் சொல்லி, அவரை உட்காரச் சொன்னோம். "இன்னா சம்பந்தி, மாப்ள அழைப்பு மாரி ஜோடிச்சு வெச்சிருக்கீங்க!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கல்யாணத்திலிருந்து வந்தவர் அல்லவா, கட்டியிருந்தது பட்டு வேட்டி. பட்டின் மேல் பட்டு. காபியை வாங்கிக்கொண்டார், முறுக்கு எடுக்கக் கொஞ்சம் முன்னால் குனிந்தார், அவ்வளவுதான். தடால் என்று விழவில்லை. முகத்தில் அதே சிரிப்போடு, பல்லக்கிலிருந்து சாமி இறங்குவதுபோல நிதானமாக இறங்கித் தரையில் அமர்ந்தார். காபி ஒரு சொட்டு சிந்தவில்லை. நடந்தது எங்களுக்குப் புரியவே நேரமாயிற்று. அவருக்கும்தான். "நாற்காலி எங்க சம்பந்தி?" என்று கேட்டார்.

எனக்கோ இரண்டு கவலை. சம்பந்தி வீட்டார் தரையில் விழுந்தால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம், ரிப்போர்ட் போச்சே என்பது இன்னொரு பக்கம். உங்கள் அத்தைதான் கத்தரிக்கோலை எடுத்து வந்து உறையைக் கிழித்து எறிந்தாள். நல்ல பட்டு, போகட்டும். அவரைத் தூக்கி அந்தச் சேற்றுத் துணியின் மேலேயே மறுபடி உட்காரவைத்தோம். கையை ஊன்றி எழுந்து பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "அடேயப்பா, முட்டி வலியே தெரியல சம்பந்தி!" என்றார். அன்றிலிருந்து அவர் ஊருக்குக் கிளம்பவே இல்லை. நாற்காலியைப் பார்க்கத் தெருவே வருகிறது. சாயந்திரமானால் அவரைச் சுற்றி நாலு பேர், சீட்டுக்கட்டு, சிரிப்பு. ரிப்போர்ட் பிரமாதமாகக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, எங்கள் வீடு இனி பத்திரமான வீடு. சென்னைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. அத்தையின் மனசு நோகாமல் இருக்க, தேவிப்ரியாவிடம் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசி. பேத்திக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்
பச்சையப்பன்

பின்குறிப்பு: தபால் உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சம்பந்தி சறுக்கிய இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை. முடித்ததும் கேட்டாள்.

"நான் வர மாட்டேன்னு எப்பங்க சொன்னேன்? எங்களக் கூப்பிட்டுக்கோன்னு தேவி கிட்ட சொன்னதே நான்தான். பொங்கலப்போ நீங்க பாத்ரூம்ல வுழுந்துட்டு, உள்ள தாப்பா போட்டுகினு, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு கத்திகினு இருந்தீங்களே, வெளிய நின்னு கதவத் தட்டினது யாரு? அன்னிலேர்ந்து நீங்க குளிக்கப் போனா நான் கதவாண்டயே நின்னுகினு இருக்கேன். ஊர வுட்டு வர முடியாதது உங்களுக்கு. அத எம்பேர்ல எழுதாதீங்க."

உங்கள் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

எனவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். வெள்ளிக்கிழமை நாங்கள் புறப்பட்டு வருகிறோம். உங்கள் அப்பா வரவில்லை. வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சாவியை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டார், நாற்காலியிலிருந்து எழாமலேயே. அதனால் அத்தைக்கு அங்கே வேறு நாற்காலி வாங்க வேண்டும். கடைக்கு அவளே வந்து உட்கார்ந்து பார்ப்பாளாம். இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள். உங்கள் பாத்ரூம் கதவில் உள்தாழ்ப்பாள் இருந்தால் நாங்கள் வருவதற்குள் கழற்றிவிட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.