ஒரு வீடு தள்ளிப்போன வாக்குத்தத்தம்

ஜனவரி 3, 2025, வெள்ளி. உறையில் அட்டை போடும்போது ஒரு சின்னப் பிழை செய்துவிட்டேன். முதல் வீட்டு உறையில் இரண்டாம் எண் அட்டை போயிருக்கிறது. அதன் பிறகு எல்லாமே ஒன்று தள்ளி. பத்தும் தவறு. இதைச் சின்னப் பிழை என்று எழுதலாமா, தெரியவில்லை.

ஷிபின் பேனாவை மூடினான். பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். சபையின் மாலை வகுப்பில் ஆறு மாதமாகத் தமிழ் கற்கிறான். தினமும் நாட்குறிப்பு எழுதுவது அங்கே கொடுத்த பாடம்.

பகலில் அவனுக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. அதை நம்பித்தான் போதகர் உறையில் அட்டை போடும் பொறுப்பைக் கொடுத்தார். சபையில் பத்துக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்காகவும் ஜெபித்து, புது வருஷ வாக்குத்தத்தமாக ஒரு பைபிள் வசனத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். அட்டையின் பின்னால் எண். உறையின்மேல் பெயரும் எண்ணும். எண் பார்த்துப் போட்டு ஒட்டினால் போதும்.

பத்தாவது உறை ஷிபின் வீட்டுக்கு. பயப்படாதே, உன் கையைப் பிடித்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் வந்திருந்தது. இரண்டு நாள் அதை வாசித்து நன்றி சொன்னான். மூன்றாம் நாள் திருப்பிப் பார்த்தால், பின்னால் எண் ஒன்று. முதல் வீட்டு ரோஸ்பாய் பெரியம்மாவுடையது. உடனே பயம் வந்துவிட்டது.

"அடுத்தவங்க வசனத்த வச்சு ஒரு வருஷம் எப்படிம்மா வாழறது?"

"ரெண்டு நாள் வாழ்ந்தாச்சில்லா?" என்றாள் அம்மா.

போதகர் பொன்முடி எஸ்டேட்டுக்கு ஆராதனை நடத்தப் போயிருந்தார். மலையில் போன் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஷிபின் லீவு போட்டான். தன் அட்டையை முதல் வீட்டில் கொடுத்து, அங்கே இருப்பதை வாங்கி இரண்டாம் வீட்டில் கொடுத்து, இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

ரோஸ்பாய் பெரியம்மாவின் சமையலறையில் யாரோ இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க நாத்தனார், மக்கா. போனக்காட்டுலேருந்து வந்திருக்கா. ஒரு கம்மல் சண்டையில ஆறு வருசமாப் பேச்சில்ல. ஒருத்தர ஒருத்தர் மன்னியுங்கன்னு வசனம் வந்துச்சே, அதான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஷிபின் தன் அட்டையை நீட்டினான். "அது உங்களுக்குள்ளது இல்ல பெரியம்மா. ரெண்டாம் வீட்டு ஆன்சன் அண்ணனுக்குள்ளது. இதுதான் உங்களுக்கு."

பெரியம்மா கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தாள். "அப்போ எங்கிட்ட மன்னிக்கச் சொல்லல?"

"இல்ல..."

"பயப்படாதேன்னுதான் சொல்லியிருக்கு?"

"ஆமா."

பெரியம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள். "ஏட்டி! அந்தக் கம்மல் விஷயத்த இன்னைக்குப் பேசித் தீத்துருவோம்!"

இடியாப்பத் தட்டு டங்கென்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஷிபின் மன்னிப்பு அட்டையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தான்.

ஆன்சனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. உன் கால் இடறாது என்ற வசனத்தை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"இது இருக்குற தைரியத்துலதான் அவ்வளவு உயரம் ஏறுறேன். இதக் குடுத்தே தீரணுமா?"

அதற்குள் அவன் மனைவி நீது புது அட்டையை வாங்கி வாசித்துவிட்டாள். "மன்னிக்கணுமா? அப்போ நீங்க ஏதோ செஞ்சிருக்கீங்க. எந்தா காரியம்? என்னன்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல நீது!"

"ஒண்ணுமில்லாம கர்த்தர் சொல்லுவாரா?"

மூன்றாவது வீடு சத்தியநேசன் வாத்தியாருடையது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் பாடம் நடத்துவதை நிறுத்தியதில்லை. கேட்பதற்கு விரைந்து, பேசுவதற்குத் தாமதிக்கச் சொல்லும் வசனம் அவருக்கு வந்திருந்தது. மூன்று நாளாக வீடே அமைதி. ஷிபின் அட்டையை மாற்றினான்.

"அப்படியா! என்னோடது இல்லியா!" என்று தொடங்கியவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மூன்று நாள் பாக்கி. கேட் வரைக்கும் வாத்தியாரின் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"மோனே, இருபத்தேழு வருசத்துல மூணு நாள் நிம்மதியா இருந்தேன். அதத் திருப்பிக் குடுத்துட்டுப் போடா."

"எண் மாறிருக்கு ஆன்ட்டி..."

"எண்ணு கெடக்கட்டும்!"

மற்ற ஆறு வீடுகளும் இதைவிட மோசம். ஒன்பதாவது வீட்டில் புதுமணத் தம்பதி. உன் பிள்ளைகள் பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகளைப் போல இருப்பார்கள் என்ற அவர்களுடைய வசனம் கடைசியாக ஷிபின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல்யாணத் தரகரிடம் கொடுக்க அவனுடைய நல்ல போட்டோ ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.

போதகர் மலையிலிருந்து இறங்கிய பிறகு மற்றவர்கள் சொல்லி அவருக்குத் தெரிவதைவிட, தானே சொல்லிவிடுவது நல்லது. சாயங்காலம் ஷிபின் போதகர் வீட்டுக்குப் போனான். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. சபையில் எல்லோரும் கொச்சம்மா என்று கூப்பிடும் அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். உறை மாறியது, காலையிலிருந்து நடந்தது, வாத்தியார் வீட்டு ஒன்றேகால் மணி நேரம்.

"இப்பம் பத்தும் சரியாயிடுச்சு கொச்சம்மா. எண் பாத்துக் குடுத்துட்டேன்."

கொச்சம்மா மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அய்யோ, அந்த நம்பரப் போட்டதே நான்தான் மோனே! உன் வீட்டு அட்டைய மேல வச்சு ஒண்ணுன்னு தொடங்கி, பத்தையும் ஒண்ணு தள்ளித் தப்பாப் போட்டுட்டேன். ஆனாலும் எல்லாருக்கும் அவங்கவங்க வசனமே போய்ச் சேந்தது எப்படின்னு தெரியாம, நாலு நாளா ஸ்தோத்திரம் சொல்லிட்டிருக்கேன்!"

ஜனவரி 4, சனி. என் பிழை சரியாக இருந்தது. நான் திருத்தியதுதான் பிழை. பயப்படாதே என்பது எனக்கே வந்த வசனம், அதற்கு நன்றி. ஒன்பது வீட்டிலும் யாரும் அடிக்கவில்லை, அதற்கும் நன்றி. நாளை: விடிந்ததும் ஆன்சன் அண்ணன் வீட்டில் மன்னிப்பு அட்டையை வாங்கி, நாத்தனார் போனக்காடு பஸ் ஏறுவதற்குள் ரோஸ்பாய் பெரியம்மாவிடம் சேர்க்க வேண்டும். பிறகு வாத்தியார் வீடு.