தடைக்காலத்தில் ஒரு பிரியாணித் திட்டம்

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. நாற்பது நாள் தவக்காலத்தில் விட்ட கறியையெல்லாம் ஐந்தே நாளில் வட்டியோடு வசூல் செய்துவிட்டு, ராயபுரம் வால்டர் ஹார்பரில் வருஷாந்தர மெடிக்கலுக்குப் போய் எடை மெஷின்மேல் ஏறினார். தொண்ணூற்றெட்டு கிலோ.

"ரெண்டு மாசத்துல தொண்ணூறுக்கு இறங்குங்க. இல்லேன்னா கிரேனை விட்டு இறங்குங்க" என்றார் டாக்டர்.

இருபத்திரண்டு வருஷமாக மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டியவர் வால்டர். கீழே கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதுவதை நினைத்தாலே அவருக்கு அவமானமாக இருந்தது. பிரியாணி இல்லாமல் இரண்டு மாசம் என்பதை நினைத்தபோது அழுகையே வந்தது.

மனைவி எல்சி மறுநாளே போனில் கலோரி பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

"காலைல எத்தினி பூரி துன்ன?"

"மூணு."

"மாதா மேல சத்தியமா?"

"அஞ்சு. ஆனா எண்ணெய பிழிஞ்சுட்டுத்தாம்மே துன்னேன்."

"பிழிஞ்ச எண்ணெய இன்னா பண்ண?"

அதில்தான் ஆறாவது பூரியைத் தொட்டுத் தின்றார் என்பதை எந்தப் புருஷன் வாய் திறந்து சொல்வான்? வால்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இனிமே சோறு ஒரு கரண்டி. கறி, பிரியாணி எதுவும் கெடையாது. தெனம் மீனுதான். அதையும் பொரிக்க மாட்டேன், ஆவில வேகவச்சுத் தருவேன்."

"நான் இன்னா ஆஸ்பத்திரிலயா கீறேன்?"

"அங்க போவக் கூடாதுன்னுதான்யா சொல்றேன். அம்மாம் ஒசரம் ஏணி ஏறி எறங்குற ஆளு நீ. நடுவுல மாரு அடைச்சு வுழுந்தின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

சொல்லும்போதே எல்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வால்டருக்கும் மனசு இளகியது. ஆனால் இளகியது மனசு மட்டும்தான். மூளை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் பத்து.

இன்னும் ஐந்து நாளில் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சின்ன பைபர் போட்டுகள் மட்டும் கரையோரமாகப் போய் வரும். அந்த மீனோ யானை விலை, குதிரை விலை விற்கும். எல்சி விலையைக் கேட்ட வேகத்தில் வெறுங்கூடையோடு திரும்பிவிடுவாள்.

சும்மா மீன் கிடைக்க ஒரே ஒரு வழி உண்டு. எல்சியின் தம்பி பிராங்கிளினுக்குச் சொந்தமாக ஒரு பைபர் போட்டு இருந்தது. அந்த வழியை வால்டரே இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடைத்துவிட்டார். வால்டரின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பிரியாணி பரிமாறிய பிராங்கிளின், நல்லி எலும்பை வால்டரின் இலையைத் தாண்டிக் கொண்டுபோய்த் தன் தோஸ்து இலையில் வைத்தான். "இவன் என் வாசப்படி மிதிச்சா நான் படி எறங்கிடுவேன்" என்று அங்கேயே எழுந்தார் வால்டர். எல்சி அதன்பின் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவர் அசையவில்லை. தன் பிடிவாதம் இப்படியொரு நல்ல காரியத்துக்குப் பயன்படும் என்று அப்போது அவருக்கே தெரியாது.

"சரிம்மே," என்றார் பெரிய மனசோடு. "வூட்ல மீனு கீற நாளெல்லாம் மீனுதான் துன்னுவேன். மீனு இல்லாத நாளு என் இஷ்டம். மாதா முன்னால சத்தியம். நீயும் பண்ணு."

எல்சி யோசிக்கவே இல்லை. மாதா படத்தின்மேல் கை வைத்துவிட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. வால்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஐந்து நாளும் வெந்த சங்கராவையும் காணாங்கெளுத்தியையும் முகம் சுளிக்காமல் தின்றார். "சூப்பரா கீது" என்று ஒருமுறை சொல்லக்கூடச் செய்தார். பதினைந்தாம் தேதி டூட்டி முடிந்ததும் நேராகக் காசிமேட்டுக்குப் போனார். விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. கண்குளிரப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே பிரியாணி வாசனை வந்தது. எந்த வீடு என்று மூக்கை நீட்டினார். அவர் வீடுதான். மீன் கிடைக்காமல் எல்சி தோற்றுப்போய்ச் சமைத்தேவிட்டாள்! மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

உள்ளே பிராங்கிளின் உட்கார்ந்திருந்தான்.

"வா மாமா," என்று எழுந்தான். "அக்கா போன் பண்ணிச்சு. கவலை மீனு எடுத்தாந்தேன். தடைக்காலம் முடியற மட்டும் டெய்லி நானே எடுத்தாறேன்."

"எல்சி! இவன் படி மிதிச்சா நான் எறங்கிடுவேன்னு சொன்னேனா இல்லியா?"

"எறங்கேன். மூணு மாடி எறங்கி ஏறுனா அம்பது கலோரி கொறையும்."

வால்டர் இறங்கவில்லை.

"வூட்ல மீனு இல்லேன்னாத்தான உன் இஷ்டம்?" என்றாள் எல்சி. "மீனு வரணும்னா என் தம்பி வரணும். கூடப் பொறந்தவனுக்கு ஒரு வாய் சோறு போட முடியலியேன்னு ரெண்டு வருசமா அழுதுகினு கீறேன். நல்லவேளை, நீயே சத்தியம் பண்ணி வழி தொறந்து வுட்ட."

"அன்னிக்கு என்மேலதான் தப்பு மாமா," என்றான் பிராங்கிளின். நிஜமாகவே தலை குனிந்திருந்தான்.

மச்சான் இவ்வளவு இறங்கி வந்தபிறகு வால்டர் என்ன செய்வார்? தவிர, அடுப்பில் டேக்சா நிறையப் பிரியாணி இருந்தது. "சரி, சரி, பழசெல்லாம் எதுக்கு?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எல்சி பரிமாறினாள். பிராங்கிளினின் தட்டில் பிரியாணி மலையாகக் குவிந்தது. வால்டரின் தட்டில் ஒரு கரண்டி சோறும், ஆவியில் வெந்த ஆறு கவலையும் வந்தன. ஏழாவது கவலை அவர் முகத்தில் இருந்தது.

"அவனுக்கு மட்டும் பிரியாணியா?"

"நாளெல்லாம் மீனோட மல்லுக்கு நிக்கறவன். வூட்லயும் அதையே துன்னுவானா?"

எதிரே மச்சான் எலும்பை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வால்டர் எச்சில் விழுங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கல்லும் கரைந்திருக்கும். எல்சியும் கரைந்தாள். டேக்சாவின் மூடியைத் திறந்து அவர் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

"வாசனைக்குக் கலோரி கெடையாதாம்யா. ஆசை தீர மோந்துக்கோ."