லிஃப்ட்காரர் செல்வந்தராக அறிவிக்கப்பட்ட விவரம்

நாட்டின் தேர்தல்களை மக்கள் முடிவு செய்கிறார்களா, அல்லது நாலு பணக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்கிறார்களா என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்து வந்தது. சந்தேகம் முற்றினால் விசாரணை வைப்பது மரபு. ஆகவே அரசாங்கம், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைத் தட்டி எழுப்பி, 'தேர்தல்களை ரகசியமாக இயக்கும் செல்வந்தரைக் கண்டறிந்து அறிக்கை தருக' என்று ஆணையிட்டது. மேற்படி பணிக்கென மேசை ஒன்று, குமாஸ்தா ஒருவர், சுற்றும் என்று நம்பப்படும் மின்விசிறி ஒன்று ஒதுக்கப்பட்டன.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள், ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பேப்பரில் படித்த லிஃப்ட்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இந்த லிஃப்ட்ல ஏறி இறங்கற ஆளுங்கதான் மாமா அத்தனையும் பண்றது" என்று சலூன் வைத்திருக்கும் மச்சினன் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தான். "இப்ப மாட்டினானுங்க. இனிமே நாடு நம்ம கையில."

நாட்டைவிடப் பெரிய கவலை லிஃப்ட்காரருக்கு வீட்டில் இருந்தது. மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பத்தாம் தேதி ஆஸ்பத்திரியில் அறுவை. 'வசதியற்றோர் அட்டை' இருப்பதால் காசில்லை. அட்டை இல்லையென்றால் அவள் சுவரைத் தடவித் தடவியே அடுப்படிக்குப் போக வேண்டியதுதான்.

விசாரணை ஐயா பணக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்தார். சிமெண்ட் முதலாளி சத்தியம் செய்தார்: "எங்களுக்கு என்ன சார் தெரியும்? யார் வருவாங்கன்னு லிஃப்ட்காரரைக் கேட்டேன். கண்ணாடி போட்ட வேட்பாளர்னு சொன்னார். வர்றவர் பக்கம் நிக்கறது வியாபாரம். நின்னேன்." பேப்பர் முதலாளியும் அதையே சொன்னார். பதினோரு பேரும் அதையே சொன்னார்கள்.

லிஃப்ட்காரருக்கு ஓலை வந்தது.

"வாப்பா. கண்ணாடிக்காரர் ஜெயிப்பார்னு சொன்னது நீதானா?"

"ஆமாங்க ஐயா. கேட்டாங்க. மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு சும்மா நிக்க முடியுமா?"

"உனக்கு யார் சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"பேப்பருக்கு யார் சொன்னது?"

லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த முதலாளி என்னைத்தாங்க கேட்டார்."

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு குற்றவாளி இவ்வளவு சுத்தமாகக் கிடைத்ததில்லை.

"ஆணையில என்ன இருக்கு? இயக்கும் செல்வந்தர். இயக்கினது நீ. அப்ப செல்வந்தர் யாரு?"

"ஐயா! நான் ஏழைங்க. இதோ பாருங்க, அட்டை!"

"அட்டை குமாஸ்தா கொடுத்தது. ஆணை அரசாங்கம் கொடுத்தது. எதைப்பா நம்பச் சொல்றே?"

குமாஸ்தா அட்டையை வாங்கிக் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். உடனே ஒரு நாற்காலி வந்தது. "உட்காருங்க சார்" என்றார் ஐயா. "இவ்வளவு நேரம் நிக்க வச்சதுக்கு மன்னிக்கணும்."

மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் இல்லை. மனுதாரர் செல்வந்தர் அல்லர் என்று இரண்டு செல்வந்தர்கள் சான்றளித்தால் போதும். மறுநாள் லிஃப்டில் லிஃப்ட்காரர் சிமெண்ட் முதலாளியின் முன்னால் கைகூப்பினார்.

"நீங்க எங்கள்ல ஒருத்தர் ஆயாச்சே! விட்டுக் கொடுப்போமா?" என்று தோளில் தட்டினார் முதலாளி. "சரி, சீக்கிரம். ஏழாவது மாடி."

வீட்டில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "இருபத்திரண்டு வருஷம் கஞ்சி காய்ச்சினேன். எங்க வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி மனுஷா."

"எதைடி?"

"பாருங்க, இப்பவும் சொல்ல மாட்டேங்கறீங்க."

தெருக்காரர்களுக்கு அதைவிடப் பொறுக்கவில்லை. தேர்தலை ஒருவர் ரகசியமாக இயக்குகிறார் என்பதை அவர்கள் எப்போதோ ஜீரணித்துவிட்டார்கள். அவர் ஸ்டூலில் உட்காருகிறவர் என்பதுதான் தொண்டையில் சிக்கியது. ஏழாந்தேதி மச்சினன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான்.

"தப்பா நினைக்காதீங்க மாமா. சலூன்ல எல்லாரும் சிரிக்கறாங்க. நாட்டை நடத்தறதுக்கு ஒரு தராதரம் வேணாமா?"

"நான் நடத்தலைடா!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். நடத்தத் தெரிஞ்சவங்க கையில கொடுத்துடுங்க. பரம்பரையா செஞ்சு பழகினவங்க. வெளிநாடெல்லாம் போய் வந்தவங்க. அவங்க ஏமாத்தினாலும் அதுல ஒரு கௌரவம் இருக்கு. உங்ககிட்ட ஏமாந்தோம்னு வெளியில சொல்ல முடியுமா?"

மனுவில், 'தேர்தல்களை ரகசியமாக இயக்கும் பொறுப்பை உரிய செல்வந்தர்களிடமே மீண்டும் ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா அட்டை திரும்ப வருமா?"

"பொறுப்பு போனா செல்வமும் போச்சு. செல்வம் போனா அட்டை வந்துதானே ஆகணும்?"

உள்ளறையில் மனைவி எதிலோ இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் முதல் கையெழுத்தைப் போட்டார்.

அப்புறம் வரிசை நின்றது பாருங்கள், வெயிலில், மூன்று தெரு தாண்டி! ஓட்டுப்போடும் நாளில் போர்வையை விலக்காதவர்கள்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பிரியாணி இல்லை, வண்டி இல்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. விடிந்ததிலிருந்து அவர்களாகவே வந்தார்கள்.

ஒன்பதாம் தேதி புது அட்டை வழங்கப்பட்டது. லிஃப்ட்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நின்றபடியே கும்பிட்டுவிட்டு ஓடினார். நாற்காலி முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

விசாரணை ஐயா அறிக்கையின் கடைசி வரியை எழுதினார்: 'மேற்படி கோரிக்கை, எந்தச் செல்வந்தரின் தூண்டுதலும் இன்றி, மக்கள் தாமாகவே கூடி, முழு மனதுடன் எடுத்த முடிவு என்று சான்றளிக்கிறேன்.'

அவருடைய முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவர் எழுதியவற்றில், ஒரு எழுத்துக்கூடப் பொய் கலக்காத வரி அது ஒன்றுதான்.