பதினாலு பல் திட்டம்

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை என்று சபதமே எடுத்துவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், ஆபீஸ் பரீட்சையில் நான் ஃபெயில். ரிசல்ட் வந்து பத்து நாள். வீட்டில் இன்னும் "வரலை" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாமனாரோ வாராவாரம் வாசலிலேயே கேட்பார்: "மாப்ளே, ரிசல்ட் இன்னா ஆச்சு?"

எங்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமனார் ஊரான மகாபலிபுரம் எட்டு மைல். கேரியரில் என் மனைவி வச்சலா. வண்டி, யாரோ வெள்ளைக்காரி விற்றுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிள். பின்னால் மூன்று பல்சக்கரம், மூன்று கியர். என் கால் கோழிக்கால். நிமிஷத்துக்கு எண்பது சுற்று சுற்றும், லேசாக இருந்தால்! பல் நிறைய இருந்தால் லேசு. குறைந்தால் கனம்.

சனிக்கிழமை சைக்கிள் கடை வரதனிடம் ஓடினேன்.

"வரதா, மூணையும் கழட்டு. பதினாலு, பதினஞ்சு, பதினாறு பல்லு போடு."

"இன்னா அண்ணாத்த, பேஜாரா கீது! ஒண்ணுக்கொண்ணு ஒரு பல்லுதான் வித்தியாசம். எந்த கியர் தட்னாலும் கனம்தான். உன்னால மிதிக்கவே முடியாது."

"அதான்யா வேணும்!"

எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே மாட்டிக்கொடுத்தான்.

ஞாயிறு காலை. மிதித்தேன். பத்தடி போனேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"முடியல வச்சலா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"எறங்குங்க."

"இன்னாத்துக்கு?"

"பின்னாடி உக்காருங்க. நான் மிதிக்கிறேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். நாளெல்லாம் தையல் மெஷின் மிதிக்கிற கால் ஐயா அது! அவசரமே இல்லாமல், அழுத்தி, ஒரே சீராக மிதித்தாள். வண்டி பறந்தது. டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு பின்னால் நான்.

"அய்ய, மாப்ள ஊர்வலம் போவுதுடி!" என்றாள் ஒரு மீன்காரி. மானம் போனால் போகட்டும். மாமனார் வீடல்லவா நெருங்கிக்கொண்டிருந்தது!

"எப்போடி கத்துகினே?"

"நீங்க ஆபீஸ் பஸ்ல போனப்புறம் இது சும்மாதானே கீது? பழைய பல்லுல கால் வெட்டியா சுத்திகினு இருந்துச்சு. இப்போதான் என் காலுக்கு சரியா கீது. புதன்கிழமை அப்பா வூட்டுக்குப் போய்வர ரொம்ப நேரம் ஆயிடுச்சு."

"அப்பா வூட்டுக்கா? எதுக்கு?"

"உங்க ரிசல்ட்டைச் சொல்லத்தான். சட்டை தொவைக்கறப்போ பாக்கெட்ல இருந்துச்சு."

"அவரு... இன்னா சொன்னாரு?"

"பாஸுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்னாரு."