பதக்கத்துக்கு ஒரு கோட்டு

மறுநாள் காலை தலைநகர் சூவாவிலிருந்து அதிகாரி வந்து பதக்கம் குத்தப்போகிறார். எபெலியிடம் பட்டாளத்துக் கோட்டு இல்லை.

போன வருஷம் தன் மகள் கல்யாணத்துக்கென்று மச்சான் வைசாகே கேட்டு வாங்கிப் போனதுதான். சவுசவு ஊரில் உறவுக்காரன் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. கொடுத்ததைத் திருப்பித் தா என்றும் சொல்ல முடியாது. புதிதாகக் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். வைசாகே அந்த வழக்கத்தை வைத்தே குடும்பம் நடத்துகிறவன். அவனிடம் எபெலி வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று. மலாயாச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது எபெலிக்கு வயது போதவில்லை. இரண்டு வயது மூத்தவனான அவன் பெயரைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயரிலேயே சேர்ந்தார். பெயர் என்ன, போட்டால் கிழிந்தா போகும்?

"மச்சான், அந்தக் கோட்டு எனக்கு வேணும்."

"எடுத்துக்கடா. இதெல்லாம் கேக்கணுமா?" எப்போதும்போல் சிரித்த வைசாகேயின் பார்வை கீழே இறங்கியது. "செருப்பு பளபளன்னு இருக்கே! எனக்கு அளவாத்தான் இருக்கும்."

எபெலி வெறுங்காலோடு வீடு திரும்பினார்.

"காவா வேர் ஒரு கட்டு கொண்டுபோய் மரியாதையாக் கேளுங்க" என்றாள் மனைவி மெரியோனி.

கோட்டும் தொப்பியுமாகப் போனார். காவா கரைத்துக் குடித்தார்கள். செருப்பு வந்தது, தொப்பி போனது, கூடவே கோட்டும் போனது.

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"காவாவுல நாக்கு மரத்துப்போச்சுடி."

"மரத்துப்போகலேன்னா மட்டும் சொல்லியிருப்பீங்களாக்கும்!"

எபெலி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிநேகிதன் இசோவா மலாயாச் சேற்றில் அவர் மடியிலேதான் உயிரை விட்டான். அவனுக்கும் சேர்த்து அந்தப் பதக்கத்தை ஊர் பார்க்க நெஞ்சில் வாங்கிவிட்டால் போதும், பிறகு செத்தாலும் கவலையில்லை என்றிருந்தார். இனி சாவு மட்டும்தான் பாக்கி என்று தோன்றியது.

காலையில் மைதானத்தில் பழைய சட்டையோடு நின்றார்.

"சிப்பாய் வைசாகே!" என்று அதிகாரி கூப்பிட்டார்.

எபெலி கால் எடுப்பதற்குள் கோட்டும் தொப்பியும் முன்னே நடந்தன. உள்ளே வைசாகே இருந்தான். அதிகாரி பதக்கத்தைக் குத்தி சல்யூட் அடித்தார். ஊரே கைதட்டியது.

எபெலி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். "டேய், அது நான் போட்ட சண்டைடா! இதையுமா எடுத்துக்குவே?"

வைசாகே முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. பதக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

"கேளு, கழட்டித் தர்றேன். ஆனா ஒண்ணு மச்சான், நீ போனப்புறம் நானும் பட்டாளத்துல சேரத்தான் போனேன். 'வைசாகே மலாயாவுல இருக்கான், நீ யாருடா'ன்னு விரட்டிட்டாங்க."