இடையில் இருப்பதும் பாறையே

தலைநகரின் மேலே இருப்பதையெல்லாம் ஆண்டு முடித்துவிட்ட அடுக்களூர் அரசருக்கு, கீழே இருப்பதையும் ஆளவேண்டும் என்று ஆசை வந்தது. உடனே ஒரு நிலத்தடி அமைச்சரை நியமித்தார். அமைச்சர் நகரின் மேற்கு முனையில் ஒரு துளையும் கிழக்கு முனையில் ஒரு துளையும் போட்டார். இரண்டிலும் பாறை வந்தது. இடையில் இருப்பதும் பாறையே என்று முடிவாயிற்று. கட்டில் அளவுக் கண்ணாடிப் பெட்டியில் நகரின் அடிநிலத்தைச் சின்னதாகச் செய்து அவையில் வைத்தார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பாறைதான்.

பாறையை விட்டு யாரும் போகக்கூடாது, சேற்றில் யாரும் வசிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. சேறே இல்லாததால் இரண்டாவது பகுதி யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

இந்தக் கணிப்பு முறை அரசருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மேற்கு முனையில் அமைச்சர் சாப்பிட்டார், கிழக்கு முனையில் தளபதி சாப்பிட்டார். இடையில் உள்ளவர்களும் சாப்பிட்டாயிற்று என்று கஞ்சித்தொட்டியை மூடினார்கள். தேர்தலிலும் அந்த இருவரே வாக்களித்தார்கள். மற்றவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

இதற்கிடையே, அரண்மனைக்கு இடப்பக்கம் இருந்த குமுதவல்லியின் வீடு முழங்கால் ஆழம் சேற்றில் இறங்கிவிட்டது. வலப்பக்கம் இருந்த நாத்தனார் வீடும் அப்படியே. வேறு இடம் கேட்டு அவள் கணவனோடு அவைக்கு வந்தாள்.

“பாறை புதையாது, அம்மணி,” என்றார் அமைச்சர்.

“வீடு புதையுதுங்களே. நேத்து இவரு கைய விட்டுத் தொழாவித்தான் அடுப்பையே எடுத்தாரு.”

“அடுப்பு கெடைச்சுதுங்க. சாம்பார்தான் போயிடுச்சு,” என்றான் கணவன் வருத்தத்தோடு.

அவள் பேச்சைப் பொய்யாக்குவதற்காக இரண்டு வீட்டிலும் துளை போட அரசர் ஆணையிட்டார். இரண்டிலும் சேறு வந்தது. ஒன்றில் சாம்பார் வாசனையும் வந்தது.

அமைச்சர் கண்ணாடிப் பெட்டியைத் திருத்தினார். பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அரசே, இரண்டு வீட்டுக்கும் இடையில் இருப்பது அரண்மனை. ஆகவே இதுவும் சேறு. தங்கள் சட்டப்படி தாங்கள் இங்கே வசிக்கலாகாது.”

“என் காலுக்குக் கீழே இருப்பது கருங்கல், அமைச்சரே. குதித்துக் காட்டட்டுமா?” என்ற அரசர் குதித்தும் காட்டினார். தரை அசையவில்லை.

“நேரில் பார்த்ததை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லையே, அரசே.”

காலில் சேறு படாதபடி காவலர்கள் அரசரை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அவையும் கலைந்தது. குமுதவல்லியின் கணவன் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தான்.

“கல்லு மாதிரி இருக்கு, வல்லி.”

“சத்தமாச் சொல்லாதீங்க. போயி உங்க தங்கச்சியக் கூட்டியாங்க. வரும்போது அடுப்பையும் எடுத்துட்டு வாங்க.”

சேறு என்று முடிவான இடத்தை அதிகாரிகள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் இரண்டு குடும்பங்களும் அரண்மனையில் சௌக்கியமாக இருக்கின்றன.

அடுத்த அரசர் எப்படி என்று கேட்பீர்கள். இந்த அரசரை உங்களுக்கு இப்போது தெரியும். மூன்றாவதாக வந்தவரும் அச்சு அசலாக இவரேதான். இடையில் ஆண்டவரை நான் நேரில் பார்த்ததில்லை.