உடையாத பலகைக்குச் சான்றிதழ் இல்லை

ஒரு காட்டில் மூங்கில் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் மாசிலாமணி என்ற யானை. நாற்காலி, கட்டில், ஏணி எல்லாம் அங்கே தயாராகும். மூங்கிலின் நடுப்பாகம் மட்டும்தான் சாமானாகும். கணு, நுனி, சீவல், தூள் எல்லாம் பட்டறைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். கோடையில் அந்தக் குவியல் தீப்பிடிக்கும். மழையில் அழுகி நாறும். இரண்டு பருவத்திலும் புகார் வரும். மாசிலாமணி இரண்டு காதையும் ஆட்டியபடி கேட்டுக்கொள்வார்.

அங்கே சீவல் கூட்டும் வேலை பார்த்தவள் பூவாயி என்ற கீரி. மழைக்காலம் வந்தால் அவளுடைய வளை சரிந்துவிடும். ஒருமுறை சரிந்தபோது அவள் உள்ளேதான் இருந்தாள். மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்தவள், இனி மண்ணுக்குள் படுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

குவியலிலிருந்து சீவலை அள்ளி ஊறவைத்து இடித்தாள். வேலமரப் பிசினும் நத்தை ஓட்டுச் சுண்ணாம்பும் கலந்தாள். கல்லுக்கு அடியில் வைத்து அழுத்தி, வெயிலில் காயப்போட்டாள். முதல் பலகை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடுத்தது வளைந்துகொண்டது. பிசினைக் கூட்டியும் குறைத்தும் ஒரு கோடை முழுக்க மல்லுக்கட்டிய பிறகு நல்ல பலகை வந்தது. அதில் சுவரும் கூரையும் எழுப்பிக் குடிபோனாள். அந்த மழைக்கு வீடு அசையவில்லை.

பக்கத்து வளையில் இருந்த தங்கமாரி என்ற முயல், மழை விட்டதும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். அவள் வளையில் தண்ணீர் ஏறி, குட்டிகளை முதுகில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“எங்களுக்கும் இப்படி ஒண்ணு கட்டித் தருவியாக்கா?”

“தரேன். சீவல் சும்மாதானே கெடக்குது. நீயும் கூட நின்னு இடிச்சியானா ஆச்சு.”

“வாரியத்துல ஒத்துக்கிட்டாங்களா?”

பூவாயி அங்கே இன்னும் போகவே இல்லை. காட்டில் வீட்டு வாரியம் ஒன்று உண்டு. அது ஒப்புக்கொண்ட பொருளில் கட்டாத வீட்டுக்காரர்களுக்குக் குளத்தில் தண்ணீர் கிடையாது. பூவாயி பட்டறைத் தொட்டியில் குடித்துச் சமாளித்தாள். குட்டிகள் இருக்கும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. எனவே ஒரு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள்.

சோதனை அதிகாரி திருவேங்கடம் என்ற கரடி. நல்ல மனசுக்காரர். இரண்டு கல்லின் மேல் பலகையை வைத்து, எடைக்காக மாசிலாமணியை வரவழைத்தார். மாசிலாமணி பலகை மேல் உட்கார்ந்தார். எழுந்து மறுபடி உட்கார்ந்தார். ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தார்.

கரடி பேனாவை மூடினார். “உடையலியேம்மா.”

“ஆமாங்க சார்,” என்றாள் பூவாயி, பெருமையாக.

“எந்த எடையில உடைஞ்சதுன்னு எழுத ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம சான்றிதழ் தர முடியாது.”

“உடையவே இல்லைன்னு எழுதிக்குங்க சார்.”

“அது எடை இல்லையேம்மா.”

“அப்ப இன்னொரு யானையையும் ஏத்திப் பாருங்க.”

“சோதனைக்கு ஒரு யானைக்குத்தான் அனுமதி.”

பூவாயி பலகையைத் தூக்காமல் நின்றாள். கரடிக்கே பாவமாக இருந்தது. குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: “நாளைக்குக் கொஞ்சம் உடையற மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க.”

பிசினைப் பாதியாக்கி, சுண்ணாம்பை விட்டுவிட்டு ஒரு பலகை செய்தாள். மோசமாகச் செய்வதற்கு ஒரு கோடை தேவைப்படவில்லை. மறுநாள் மாசிலாமணி உட்காரக் குனிந்து ஒரு காலை வைத்ததுமே அது உடைந்தது. கரடி கட்டத்தை நிரப்பி, “ரொம்பத் தெளிவான முடிவு” என்று பாராட்டிச் சான்றிதழைக் கொடுத்தார்.

சான்றிதழ்தான் கிடைத்துவிட்டதே, இனி நல்ல பலகையாகவே செய்யலாம் என்று பூவாயி நினைத்தாள். கரடி அதையும் தெளிவுபடுத்தினார். “மாதிரி எப்படியோ அப்படியேதான் செய்யணும். உடையலைன்னா அது போலி.”

தன்னால் அப்படிச் செய்ய முடியாது என்று பூவாயி சொல்லிவிட்டாள். வாரியம் அணில்களை வேலைக்கு வைத்து, அந்த மாதிரியிலேயே பலகை செய்து, முயல்களுக்கும் முள்ளம்பன்றிகளுக்கும் ஒரு குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாவில் யாரும் சுவரில் சாய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பூவாயி போய்த் தங்கமாரியைப் பார்த்தாள். “தூறல் விழுந்ததும் குட்டிகளோட எங்க வீட்டுக்கு வந்துடு.”

“இதுக்குத்தான் சான்றிதழ் இருக்கேக்கா.”

“வாங்கினது நான்தானே. அதனாலதான் சொல்றேன்.”

 மழை வந்த அன்று முதல் துளியிலேயே தங்கமாரி குட்டிகளோடு ஓடி வந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் காரணம் தெரியாமலே பின்னால் ஓடினார்கள். முள் யார் மேலும் படாதபடி முள்ளம்பன்றிகளை மட்டும் மூலைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னாள் பூவாயி. கதவைச் சாத்துவதற்குள் குடியிருப்பு ஒவ்வொரு வீடாகப் படுத்துவிட்டது.

கரடி குடையோடு வந்தார். இடிபாடுகளைப் புரட்டிப் பார்த்து, “சான்றிதழ்ல எழுதினபடியேதான் உடைஞ்சிருக்கு” என்று திருப்திப்பட்டார். பிறகு நின்றுகொண்டிருந்த ஒரே வீட்டைப் பார்த்தார். அனுமதி இல்லாத பலகை. இடிக்கச் சொல்லிக் காட்டுப்பன்றிகளை வரவழைத்தார்.

பன்றிகள் சாயங்காலம் வரை முட்டின. கோரைப்பல் மழுங்கியதும், மழைக்கு ஒதுங்க அந்த வீட்டுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டன.

கரடி வாசலில் உட்கார்ந்துவிட்டார். இடித்ததாக எழுதினால் பொய். இடிக்க முடியவில்லை என்று எழுதினால் வாரியத்துக்கு அவமானம். மூக்கில் தண்ணீர் சொட்டச் சொட்ட யோசித்து, கடைசியில் வாரியப் பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேராகப் ‘பாறை’ என்று எழுதினார்.

தங்கமாரி எட்டிப் பார்த்துக் கேட்டாள். “பாறையில குடியிருக்கிறவங்களுக்குக் குளத்துல தண்ணி உண்டா சார்?”

“தாராளமா. அவங்க வாரியம் வர்றதுக்கு முந்தியே இருக்கிறவங்க.”

மழை நின்றதும் எல்லோரும் பட்டறைக்குப் பின்னால் கூடி, பூவாயி சொல்லச் சொல்ல இடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த கோடையில் தீப்பிடிக்க அங்கே சீவல் மிச்சமில்லை. காடு முழுக்கப் பாறைகள். சிலவற்றுக்கு ஜன்னல் இருந்தது. வாரியம் அவற்றைச் சுற்றி வேலி போட்டு, ‘இயற்கை அழகைச் சேதப்படுத்தாதீர்’ என்று பலகை நட்டது.

சான்றிதழ் பெற்ற முதல் மூங்கில் பலகைக்காகப் பூவாயிக்கு விருது கொடுத்தார்கள். கேடயமும் அதே பலகையில் செய்ததுதான். மேடையிலிருந்து இறங்குவதற்குள் அது அவள் கையில் இரண்டாகிவிட்டது. கரடி ஒரு துண்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கைதட்டல் நிற்கவில்லை.

நீதி: உடைகிற பொருளுக்குச் சான்றிதழ் வாங்கு, உடையாத பொருளில் குடியிரு.